மாவெய் வரை வந்த காதல்

சியான் நகரத்தில் யாங் குய்ஃபெய்யைச் சந்திக்காமல் ஒரு மாலைப்பொழுதைக் கழிக்க முடியாது. பெரிய காட்டு வாத்துப் பகோடாவுக்குத் தெற்கே விளக்கு வெள்ளத்தில் நீளும் நடைத்தெருவில் அவள் நூற்றுக்கணக்கில் வருகிறாள். வாடகைப் பட்டு, மார்புக்கு மேலே ஏற்றிக் கட்டிய பாவாடை, பொய்முடி வைத்து உயர்த்திய கொண்டை, இரு புருவத்துக்கும் நடுவே சிவப்பில் வரைந்த பூ. ஒப்பனை செய்துவிடும் கடைகள் வரிசையாக இருக்கின்றன. படம் பிடித்துக் கொடுக்க ஒரு பையன் கூடவே நடக்கிறான். அவன் மட்டும் ஜீன்ஸில்தான் இருக்கிறான். உணவகப் பட்டியலில் அவள் பெயரில் கோழி இருக்கிறது. பக்கத்து லின்தோங் வட்டாரத்து மாதுளைக்கும் அவளைத்தான் சாட்சிக்கு இழுக்கிறார்கள்.

எல்லோரும் சொல்லும் கதை சுருக்கமானது. தாங் வம்சத்துப் பேரரசன் சுவான்சோங் ஒரு பெண்ணிடம் மனத்தைப் பறிகொடுத்து ஆட்சியை மறந்தான். எல்லைப் படைத்தலைவன் ஒருவன் கலகம் செய்தான். தலைநகரை விட்டு ஓடும் வழியில் சொந்தப் படையே அவளைக் கொல்லச் சொன்னது. கொன்றார்கள். மிச்ச நாளெல்லாம் அரசன் அழுதான். அவள் இறந்து சரியாக 50 ஆண்டு கழித்து, 806-இல், பாய் சூயி என்ற கவிஞர் அதை 120 அடிகளில் நீங்காத் துயரத்தின் பாட்டாக எழுதினார். அதற்குப் பிறகு நாடகம், ஓவியம், ஓபெரா, திரைப்படம் என்று இந்தக் காதலுக்குச் சாவே இல்லை. ஜப்பானில் கெஞ்சியின் கதையை எழுதிய முரசாகி சீமாட்டி, முதல் அத்தியாயத்திலேயே இந்தப் பாட்டின் நிழலில்தான் நடக்கிறார்.

கதை நடந்த இடங்களெல்லாம் சியானைச் சுற்றி, காலையில் கிளம்பினால் இரவுக்குள் திரும்பிவிடக்கூடிய தூரத்தில் இருக்கின்றன. அவற்றை ஒவ்வொன்றாகப் பார்க்கப் பார்க்கப் பாட்டின் மேல் எனக்கு மரியாதை கூடியது. அரசன் மேல் இருந்தது குறைந்துகொண்டே போனது.

தென் மதிலை ஒட்டி, பழைய கன்பூசியஸ் கோயில் வளாகத்தில் இருக்கிறது பேய்லின் அருங்காட்சியகம். கல்வெட்டுகளின் காடு. உள்ளே ஒரு கூடத்தில் படியெடுத்துக்கொண்டிருந்தார்கள். ஈரத்தாளைக் கல்லில் ஒட்டி, தூரிகையால் பள்ளங்களில் அழுத்தி, மை தோய்த்த துணிப்பந்தால் ஒருவர் தட்டத் தட்ட, தாள் கறுத்துப் போய் எழுத்து மட்டும் வெள்ளையாக மேலெழுந்து வந்தது. அதை எத்தனை நேரம் வேண்டுமானாலும் நின்று பார்க்கலாம். ஆனால் நம் கதைக்கு வேண்டிய கல் இந்தக் கூடங்களுக்குள் இல்லை. எல்லாவற்றுக்கும் முன்னால், தனி மண்டபத்தில், மூன்றடுக்கு மேடைமேல் நிற்கிறது. நான்கு பலகைக் கற்களைச் சேர்த்து நிறுத்திய, நாலு பக்கமும் எழுத்து நிறைந்த தூண். உச்சியில் மேகச் சுருள் செதுக்கிய தொப்பி. பொறிக்கப்பட்டிருப்பது பிள்ளைகள் பெற்றோருக்குச் செய்ய வேண்டிய கடமைகளைச் சொல்லும் பழைய கன்பூசிய நூல். அதற்கு உரையும் முன்னுரையும் எழுதி, மூலத்தையும் தன் கையாலேயே எழுதிக் கொடுத்தவன் சுவான்சோங். அகன்ற, சதைப்பற்றான, அவசரமே இல்லாத கையெழுத்து. அழகில் குறை சொல்ல முடியாது.

கல் நிறுத்தப்பட்ட ஆண்டு 745. அந்த ஆண்டில் அரண்மனைக்குள் வேறென்ன நடந்தது என்று பார்த்தால் கல் வேறுவிதமாகத் தெரியத் தொடங்கும்.

அதற்குப் பத்து ஆண்டு முன்பு, சிச்சுவானில் சிறு அதிகாரியாக இருந்து இறந்துபோன ஒருவரின் மகள் யாங் யூஹுவான், அரசனின் மகன் லி மாவை மணந்து அரச குடும்பத்துக்குள் வந்தாள். லி மாவ் ஷோ இளவரசன் என்ற பட்டம் பெற்றவன். அரசன் அப்போது உயிராக வைத்திருந்த வூ ராணியின் பிள்ளை. தன் பிள்ளைக்குப் பட்டம் வாங்கித் தர வூ ராணி செய்த சூழ்ச்சியில், 737-இல் சுவான்சோங் தன் மகன்கள் மூவரை, பட்டத்து இளவரசன் உட்பட, ஒரே நாளில் சாக வைத்தான். அந்த ஆண்டு முடிவதற்குள் வூ ராணியும் இறந்தாள். பட்டம் லி மாவுக்குக் கிடைக்கவில்லை. லி ஹெங் என்ற வேறொரு மகனுக்குப் போனது. லி மாவிடம் இருந்த ஒன்றையும் அப்பன் எடுத்துக்கொண்டான்.

மருமகளை நேரே அழைத்துக்கொண்டால் ஊர் பேசும். ஆகவே அவளை முதலில் தாவோ மதத் துறவியாக்கினார்கள். அரசனின் இறந்துபோன தாய்க்குப் புண்ணியம் சேர்ப்பதற்காக என்று ஆணையில் காரணம் எழுதினார்கள். பெற்ற தாயின் மேல் உள்ள பக்தியைக் காட்டிப் பெற்ற பிள்ளையின் மனைவியைப் பிரித்த சாமர்த்தியத்தை என்னவென்று சொல்ல! 745-இல் லி மாவுக்கு வெய் குலத்துப் பெண் ஒருத்தியை மணமுடித்து வைத்தார்கள். அதே ஆண்டில் துறவி யாங்குக்கு குய்ஃபெய் என்ற பட்டம் கிடைத்தது. பட்டத்தரசி இல்லாத அந்த அரண்மனையில் ஒரு பெண் ஏறக்கூடிய உச்சப்படி அதுதான். அரசனுக்கு வயது 60. அவளுக்கு 26.

பிள்ளைக் கடமையைப் பற்றிய இந்தக் கல்லும் அதே ஆண்டில் எழும்பியது. கல்லின் தலைப்பு எழுத்தை எழுதியவன் புதுப் பட்டத்து இளவரசன் லி ஹெங். பதினோரு ஆண்டு கழித்து, அப்பன் உயிரோடு ஓடிக்கொண்டிருக்கும்போதே, ஒரு வார்த்தை கேட்காமல் அரியணை ஏறியவனும் அவன்தான். லி மாவ் எதுவும் பேசியதாகப் பதிவு இல்லை. 775 வரை இருந்து செத்தான். பின்னால் வந்த கவிஞர்களில் லி ஷாங்யின் அந்த மகனின் முகத்தைப் பார்த்து எழுதினார்.

இந்த அரசன் தொடக்கத்தில் இப்படி இல்லை என்பதையும் சொல்ல வேண்டும். 713 முதல் 741 வரையான அவன் ஆட்சிக்காலத்தைச் சீன வரலாற்றின் பொற்காலம் என்று எழுதுவதில் மிகை அதிகம் இல்லை. அந்த நல்ல நாட்களில்தான் நம் காஞ்சிபுரத்திலிருந்து அவனுக்குத் தூது போனது. கைலாசநாதர் கோயிலைக் கட்டிய பல்லவன் இரண்டாம் நரசிம்மவர்மன் 720-இல் தூதர்களை அனுப்பினான். அரபுகளையும் திபெத்தியரையும் எதிர்க்கத் தன் யானைப்படையைத் தருவதாகச் சொன்னான், சீனப் பேரரசன் பேரில் தான் எழுப்பிய கோயிலுக்கு ஒரு பெயர் எழுதித் தரும்படி கேட்டான், சுவான்சோங் தந்தான். தாங் வரலாற்று நூல்களில் இது பதிவாகியிருக்கிறது. தென்னாட்டிலிருந்து கடல்வழி போன வச்சிரபோதி என்ற பௌத்தத் துறவியும் இந்த அரசனின் நகரங்களில்தான் மந்திர நூல்களை மொழிபெயர்த்துக்கொண்டு 741 வரை வாழ்ந்தார். காஞ்சித் தூதர்கள் வந்தபோது யாங் யூஹுவான் தவழும் குழந்தை.

சுவான்சோங்கும் அவளும் குளித்த வெந்நீர் ஊற்று லின்தோங்கில் இருக்கிறது. அங்கே போக இப்போது ஒன்பதாம் எண் மெட்ரோ ஓடுகிறது. ஊற்றின் பெயரிலேயே, ஹுவாசிங் குளம் என்று ஒரு நிலையம் வைத்திருக்கிறார்கள். பக்கத்திலேயே சீனாவின் முதல் பேரரசன் சின் ஷி ஹுவாங்கின் களிமண் படைவீரர்கள் இருப்பதால் கூட்டத்தில் பெரும்பாதி அங்கே போய்விடும். மிச்சம் லிஷான் மலையடியில் இறங்கும்.

மலை பெரிதல்ல. ஆனால் அதற்குக் கிடைத்த கதைகள் பெரியவை. உச்சியில் இருக்கும் தீபமேட்டைக் காட்டி, சோவ் வம்சத்து அரசன் ஒருவன் தன் காதலி பாவோசியைச் சிரிக்க வைப்பதற்காகப் போர் அபாயத் தீயைப் பொய்யாக மூட்டினான், பிறகு கி.மு. 771-இல் நிஜமாகவே பகைவன் வந்தபோது துணைக்கு ஒருவரும் வரவில்லை என்பார்கள். பெண் சிரித்ததால் நாடு போனது என்ற பல்லவி இந்த மலையில் யாங் குய்ஃபெய்க்கு ஆயிரத்தைந்நூறு ஆண்டு முன்பே தொடங்கிவிட்டது. அடிவாரத்தில் ஐந்து அறைக் கட்டடம் ஒன்று. 1936 டிசம்பர் 12 விடியற்காலையில், அன்று சீனாவை ஆண்ட சியாங் கை ஷேக்கைச் சொந்தத் தளபதிகளே பிடிக்க வந்தபோது அவர் இங்கிருந்துதான் ஜன்னல் வழியே மலைமேல் ஓடினார். குண்டு துளைத்த கண்ணாடியைச் சுற்றி எப்போதும் ஒரு வட்டம் நிற்கிறது. ஆட்சியாளர்கள் ஓய்வெடுக்க வந்தால் அவர்களுடைய படையே எதிரே வந்து நிற்பது இந்த மண்ணின் ராசி போலும்.

வெந்நீர் ஊற்றின் சூடு 43 டிகிரி. தண்ணீரில் கை நனைத்துப் பார்க்க இடம் உண்டு. எங்கள் ஊர் நவம்பர் மழைக்கு அடுப்பில் காய்ச்சிய குளியல் தண்ணீரின் அதே பதம். தாங் காலத்துக் குளியல் தொட்டிகள் 1982-இல் தொடங்கிய அகழாய்வில் வெளியே வந்தன. ஐந்து தொட்டிகளையும் அவை கிடந்த இடத்திலேயே விட்டு, மேலே அரண்மனை மாதிரியில் கூரை போட்டிருக்கிறார்கள். அரசனுடைய தாமரைத் தொட்டி பத்து மீட்டருக்கு மேல் நீளம், கிட்டத்தட்ட நீச்சல் குளம். 747-இல் அவளுக்காகக் கட்டியது நான்கு மீட்டருக்கும் குறைவு. சாம்பல் நீலக் கற்களை வளைத்துச் செதுக்கி, ஹாய்தாங் பூவின் இதழ்கள் விரிந்தாற்போல் இரண்டு அடுக்காக அமைத்திருக்கிறார்கள். மேலடுக்கு உட்கார, கீழடுக்கு அமிழ. நடுவில் தண்ணீர் பொங்கிய துளை. கல்லின் விளிம்புகள் மழுங்கியிருக்கின்றன. மூட்டுகள் இன்னும் விலகவில்லை. இந்தப் பயணத்தில் அவள் உடல் நிச்சயமாகத் தொட்ட பொருள் என்று நான் பார்த்தது இது ஒன்றைத்தான்.

"எல்லாரும் ஒரே கேள்வியைத்தான் கேட்கிறார்கள் சார், அவள் எத்தனை கிலோ இருந்திருப்பாள் என்று" என்றாள் வழிகாட்டிப் பெண். தாங் காலத்தில் கொஞ்சம் பூசினாற்போன்ற உடல்தான் அழகு. அருங்காட்சியகத்துச் சுடுமண் பெண்களெல்லாம் அப்படித்தான் இருக்கிறார்கள். வெளியே குளக்கரையில் அவளை அரை நிர்வாணமாகச் செதுக்கி வெள்ளைச் சிலையாக நிறுத்தியிருக்கிறார்கள். பக்கத்தில் நின்று படம் எடுத்துக்கொள்ள வரிசை. அதைச் செதுக்கியவர்கள் அந்தத் தொட்டியைக் கொஞ்ச நேரம் நின்று பார்த்திருக்கலாம்.

ஹுவாசிங்கோடு சேர்த்துச் சொல்லப்படும் இரண்டு புகழ்பெற்ற காட்சிகளிலும் ஒரு சிக்கல் இருக்கிறது. தெற்கிலிருந்து அஞ்சல் குதிரைகள் மாறி மாறி ஓடி அவளுக்கு லிச்சிப் பழம் கொண்டு வந்தன, தூசி பறக்க வரும் குதிரையை மலையிலிருந்து பார்த்து அவள் சிரித்தாள் என்பது ஒன்று. ஏழாம் மாதம் ஏழாம் இரவில், ஆயனும் நெசவுக்காரியும் வானத்தில் கூடும் அந்த ஒற்றை இரவில், இருவரும் பிரிவதில்லை என்று இங்கே சத்தியம் செய்துகொண்டார்கள் என்பது இன்னொன்று. ஆயன் என்று சீனர்கள் சொல்வது நம் திருவோணத்தை. நெசவுக்காரி நம் அபிஜித். லிச்சி கோடையில் பழுப்பது. ஏழாம் மாதமும் வெயில் தணியாத மாதம். சுவான்சோங்கோ வெந்நீருக்காகக் குளிர்காலத்தில் வந்து, வசந்தத்தில் தலைநகருக்குத் திரும்பிவிடுவான். பழைய சீனப் புலவர்களே லிச்சி விஷயத்தில் இதைப் பிடித்துவிட்டார்கள். சத்தியம் செய்த மண்டபம் தெய்வ வழிபாட்டுக்கு உரியது, படுக்கையறை அல்ல என்று 20-ஆம் நூற்றாண்டில் வரலாற்றாசிரியர் சென் யின்கே எழுதினார். லிச்சி அவளுக்குப் பிடிக்கும், அது குதிரையில் வந்தது என்பது வரை உண்மை. மலைமேல் நின்று சிரித்தது கவிதை.

இருந்தும் அன்று இரவு நாடகத்துக்குப் போனேன். இந்தக் கதையை வைத்து 2006 முதல் நடக்கும் இசை நாட்டிய நாடகம் அது. குளமே மேடை, லிஷான் மலையே பின்திரை. மலை முழுக்க விளக்குகளைப் பதித்து நட்சத்திரங்களை உண்டாக்குகிறார்கள். தண்ணீருக்கு அடியிலிருந்து மேடை எழும்புகிறது. சாவுக் காட்சியில் குளம் தீப்பற்றுகிறது. முன்னூறு பேர் ஆடுகிறார்கள். ஒரு மணி நேரத்துக்குச் சற்று மேல். எனக்கு முன்வரிசையில் இருந்த அம்மாள் முக்கால்வாசி நேரம் கைப்பேசியைத் தூக்கிப் பிடித்திருந்தார். தீப்பற்றியபோது மட்டும் இறக்கிவிட்டார். நாடகத்தில் லி மாவ் இல்லை. பாய் சூயியின் பாட்டிலும் இல்லை. அவர் அவளைத் திருமணமாகாத பெண்ணாக்கி, நேரே அரண்மனைக்கு அனுப்பிவிடுகிறார்.

இருவருக்கும் இடையில் ஒன்றுமே இல்லை என்று சொல்ல வரவில்லை. சுவான்சோங் நல்ல இசைக்காரன். மேளம் வாசிப்பதில் தேர்ந்தவன். பேரித்தோட்டம் என்ற பெயரில் அவன் நடத்திய இசைப் பள்ளியை நினைத்து இன்றும் சீன நாடகக்காரர்கள் அவனைக் குலதெய்வமாக வைத்திருக்கிறார்கள். அவளுக்கு வீணை போன்ற பிப்பா வரும், ஆட்டம் வரும், எதிர்த்துப் பேசவும் வரும். 746-இலும் 750-இலும் சண்டை முற்றி அவளை அண்ணன் முறைக்காரன் வீட்டுக்கு அனுப்பிவிட்டான். முதல் முறை, அனுப்பிய அன்றே சாப்பாடு இறங்காமல் பணியாட்களை அடிக்கத் தொடங்கினான். இருட்டியபின் ஆள் விட்டுக் கூட்டி வந்தார்கள். இரண்டாம் முறை அவள் ஒரு கற்றை முடியை வெட்டி அனுப்பினாள்: பட்டும் நகையும் நீ கொடுத்தது, உடம்பு மட்டும் பெற்றோர் கொடுத்தது, ஆகவே இதைத்தான் என்னால் தர முடியும் என்ற பொருளில். இரண்டு முறையும் அவள் திரும்பி வந்ததில் கை இருந்தவன் அரண்மனை அண்ணகன் காவ் லிஷி. இந்தப் பெயரை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

அவளுக்காக மட்டும் எழுநூறு நெசவாளரும் பூவேலைக்காரரும் அரண்மனையில் இருந்ததாகப் பழைய வரலாறு சொல்கிறது. அக்காமார் மூவருக்கும் சீமாட்டிப் பட்டங்கள். அண்ணன் முறைக்காரன் யாங் குவோசோங் 752-இல் முதலமைச்சனே ஆகிவிட்டான். இதற்கெல்லாம் அவளைக் குறை சொல்லலாம். ஆனால் நாட்டைக் கவிழ்த்தது பட்டுத்துணி அல்ல. எல்லையில் பத்துப் படைத்தலைமைகளில் இருந்த வீரர்கள் சுமார் 4 லட்சத்து 90 ஆயிரம். தலைநகரைக் காக்க உருப்படியான படை இல்லை. அந்தப் பத்தில் மூன்றை, 1 லட்சத்து 80 ஆயிரத்துக்கும் மேற்பட்ட வீரர்களோடு, ஆன் லூஷான் என்ற ஒரே ஆளிடம் தூக்கிக் கொடுத்தவன் சுவான்சோங். 755 டிசம்பரில் ஆன் லூஷான் இன்றைய பீஜிங் பக்கத்திலிருந்து கலகக் கொடி ஏற்றியபோது, எதிர்க்க அனுப்பிய இரண்டு நல்ல தளபதிகளின் தலையை வாங்கியவனும் சுவான்சோங். தோங்குவான் கணவாயில் அசையாமல் காத்து நின்ற மூன்றாமவனை, வெளியே போய்ப் போரிடு என்று விரட்டிவிட்டவனும் அவனே. கணவாய் விழுந்தது. இந்த ஆணைகள் எதிலும் அவள் கையெழுத்து இல்லை.

அவளைக் கொன்ற இடம் மாவெய். அங்கே போவதற்குக் காரை வாடகைக்குப் பிடிப்பது நல்லது. சியானிலிருந்து மேற்கே சுமார் 60 கிலோமீட்டர், சிங்பிங் ஊரைத் தாண்டி. நெடுஞ்சாலையின் இருபுறமும் மாடிக் குடியிருப்புகள், பிறகு தோட்டங்கள், பிறகு மஞ்சள் மண். ஒன்றரை மணி நேரம் கூட ஆகவில்லை. தலைநகரை விட்டு ஓடியவர்களுக்கு இரண்டு பகல் ஆனது.

756 ஜூலை 14 விடியற்காலை, மேற்கு வாசல் வழியாக அரசன் கிளம்பினான். குய்ஃபெய், அவள் அக்காமார், பட்டத்து இளவரசன், சில அமைச்சர்கள், காவல் படை. அரண்மனைக்கு வெளியே குடியிருந்த இளவரசிகள், பேரப் பிள்ளைகள், மற்ற மனைவியரிடம் சொல்லக்கூட இல்லை. வழக்கம்போல் விடிந்ததும் அதிகாரிகள் அரச சபைக்கு வந்து நின்றார்கள். நீர்க்கடிகாரம் சொட்டிக்கொண்டிருந்தது, காவலர் வரிசை கலையாமல் நின்றது. கதவைத் திறந்தால் உள்ளே இருந்து அந்தப்புரப் பெண்கள் கூக்குரலோடு ஓடி வருகிறார்கள். அரசன் எங்கே என்று யாருக்கும் தெரியவில்லை.

நண்பகல் தாண்டியும் சோறில்லை. யாங் குவோசோங் சந்தையில் எள் ரொட்டி வாங்கி வந்து அரசனுக்குக் கொடுத்தான். கிராமத்தார் கோதுமையும் பயறும் கலந்த முரட்டுச் சோற்றைக் கொண்டு வந்தார்கள். அரசனின் பேரப் பிள்ளைகள் கையால் அள்ளித் தின்றும் வயிறு நிறையவில்லை. ஒரு கிழவர் முன்னால் வந்து, ஆன் லூஷானைப் பற்றி எச்சரித்தவர்களையெல்லாம் தண்டித்தாய், அதனால்தான் இப்படி நிற்கிறாய் என்று முகத்துக்கு நேரே சொன்னார். அரசன் தன் தவறுதான் என்றான். நியாயத்துக்கு இதையும் எழுத வேண்டும்: ஆற்றுப் பாலத்தைக் கடந்தபின் அதைக் கொளுத்திவிடலாம் என்று யாங் குவோசோங் தொடங்கியபோது, பின்னால் வரும் மக்களும் தப்ப வேண்டாமா என்று தடுத்தவன் சுவான்சோங். அன்று இரவு தங்கிய சத்திரத்தில் விளக்கே இல்லை. உயர்ந்தவர் தாழ்ந்தவர் பார்க்காமல் ஒருவர் மேல் ஒருவர் சாய்ந்து தூங்கினார்கள்.

மறுநாள் மாவெய் அஞ்சல் நிலையம். பசித்த வீரர்கள். சாப்பாடு கேட்டு யாங் குவோசோங்கை மறித்து நின்ற திபெத்தியத் தூதர்களைக் காட்டி, அந்நியரோடு சேர்ந்து சதி செய்கிறான் என்று யாரோ கத்த, அவனை வெட்டிப்போட்டார்கள். அதோடு கலையவில்லை. அரசன் கைத்தடி ஊன்றி வெளியே வந்து கேட்டான். தளபதி சென் சுவான்லி பதில் சொன்னான்: குய்ஃபெய்யும் இருக்கக் கூடாது. அந்தப்புரத்தில் இருப்பவளுக்கு அண்ணன் செய்தது எப்படித் தெரியும் என்று அரசன் ஒரு தடவை வாதாடினான். அவள் குற்றமற்றவள்தான், ஆனால் அவள் அண்ணனைக் கொன்றவர்கள் அவள் உங்கள் பக்கத்தில் இருக்கும்வரை நிம்மதியாக இருப்பார்களா என்றான் காவ் லிஷி. அதற்கு மேல் அரசன் வாதாடவில்லை. பக்கத்துப் புத்தர் கோயிலுக்குள் கூட்டிப் போய்க் கழுத்தை நெரித்தவன் காவ் லிஷி. உடலை முற்றத்தில் கிடத்திக் காட்டியதும் வீரர்கள் கவசத்தைக் கழற்றி வணங்கினார்கள். அவளுக்கு வயது 37.

கல்லறைத் தோட்டம் சிறியது. சரிவில் ஏறினால் வாசல். உள்ளே நடுவில் ஆளுயரத்தைவிடக் கொஞ்சம் உயர்ந்த அரைக்கோள மேடு, முழுக்கச் சாம்பல் செங்கல் பாவியது. மண்மேடாகவே இருந்திருக்கும், அந்த மண்ணைப் பூசினால் முகத்தில் கரும்புள்ளி போகும் என்று பெண்கள் அள்ளி அள்ளிக் கரைத்துவிட்டதால் செங்கல் போட வேண்டி வந்தது என்று சொல்கிறார்கள். ஓட்டுநர் கூடவே வந்து செங்கல் இடுக்கில் விரலை விட்டுப் பார்த்து, ஒன்றும் வராது என்று கையை விரித்தார். சுவரோரம் வரிசையாகக் கல்வெட்டுகள், இங்கே வந்து போன அதிகாரிகளும் புலவர்களும் எழுதிய கவிதைகள். அபின் ஒழிப்பில் பெயர் பெற்ற லின் சேஷுவின் கவிதையும் ஒன்று. அவள் பக்கம் பேசுகிறவை இருக்கின்றன, அவளைத் திட்டுகிறவையும் இருக்கின்றன. மண்ணுக்குள் உடல் இருக்கிறதா என்பதே சந்தேகம். அவள் சாகவில்லை, கடல் கடந்து ஜப்பானுக்குப் போய்விட்டாள் என்று நம்பி, யாமாகுச்சி மாவட்டத்துக் கடற்கரைக் கோயில் ஒன்றில் அவளுக்கு இன்னொரு சமாதியே வைத்திருக்கிறார்கள்.

இங்கிருந்து தெற்கே, வெய் ஆற்றுக்கு அக்கரையில், சோசி வட்டாரத்தில்தான் பாய் சூயி 806-இல் சிறு அதிகாரியாக இருந்தார். நண்பர்கள் சென் ஹோங், வாங் சிஃபூ இருவரோடும் சியான்யோ கோயிலுக்குப் போன இடத்தில் பேச்சு மாவெய் பக்கம் திரும்பியது. அப்படிப் பிறந்தது பாட்டு. சென் ஹோங் அதே கதையை உரைநடையில் எழுதினார். பிள்ளையின் வீட்டிலிருந்து பெண்ணை எடுத்ததை அவர் மறைக்கவில்லை. பாட்டு மறைத்தது. பதிலுக்கு, வரலாறு தொடாத ஒரு காரியத்தைச் செய்தது. அவள் செத்த பிறகும் நிற்காமல், திரும்பி வந்த கிழட்டு அரசனை வெறும் அறையில் உட்கார வைத்து, தாவோ குருவை அனுப்பி அவளைத் தேவலோகத் தீவில் தேடிப் பிடித்து, அவளையே பேச வைக்கிறது. மாவெய்யில் அவளிடம் யாரும் எதுவும் கேட்கவில்லை.

சியானுக்குத் திரும்பியதும் ஷான்சி வரலாற்று அருங்காட்சியகத்தில் இரண்டு பொருளைத் தேடிப் பார்த்தேன். இரண்டும் 1970-இல் ஹேஜியா கிராமத்தில் புதைத்த ஜாடிகளுக்குள் கிடைத்தவை. ஒன்று பொன் முலாம் பூசிய வெள்ளிக் குடுவை. அதில் ஒரு குதிரை, பின்காலை மடக்கி, வாயில் கிண்ணத்தைக் கவ்வியபடி. சுவான்சோங்கின் பிறந்தநாளில் இப்படித்தான் பழக்கிய குதிரைகள் இசைக்கு ஆடி மது நீட்டுமாம். கலகத்துக்குப் பின் அவற்றில் சில ஒரு படைத்தலைவனின் லாயத்துக்குப் போய்ச் சேர்ந்தன. ஒரு விருந்தில் இசை கேட்டதும் தாமாக ஆடத் தொடங்கின. பேய் பிடித்துவிட்டது என்று நினைத்து அடித்தார்கள். ஆட்டம் சரியில்லை என்று அடிக்கிறார்கள் போல என எண்ணி இன்னும் நன்றாக ஆடின. செத்து விழும்வரை அடித்தார்கள் என்று ஒரு பழைய குறிப்பு சொல்கிறது.

இன்னொன்று உள்ளங்கைக்குள் அடங்கும் வெள்ளி உருண்டை. கொடிப்பின்னலும் பறவைகளும் துளைவேலையாகச் செதுக்கிய இரண்டு அரைக்கிண்ணங்கள், நடுவில் கீல். உள்ளே ஒன்றுக்குள் ஒன்றாக இரண்டு வளையங்கள், அவற்றில் தொங்கும் குட்டிப் பொன் கிண்ணம். உருண்டையை எப்படி உருட்டினாலும் கிண்ணம் நிமிர்ந்தே நிற்கும். உள்ளே கனலும் வாசனைப்பொடி சிந்தாது. ஆடும் பெண் இடுப்பில் கட்டிக்கொண்டு சுழலலாம். இதைப் பார்க்க எனக்கிருந்த காரணம் வேறு. 757-இன் இறுதியில் தலைநகருக்குத் திரும்பிய சுவான்சோங், மாவெய்யில் அவசரமாகப் புதைத்த உடலை எடுத்து முறையாக அடக்கம் செய்ய நினைத்தான். புது அரசனின் அமைச்சர்கள் தடுத்தார்கள். ரகசியமாக ஆள் அனுப்பினான். உடல் மக்கிவிட்டது, வாசனைச் சிமிழ் மட்டும் இருந்தது என்று அதை எடுத்து வந்து கொடுத்தார்கள். பட்டுப்பையாக இருந்தால் உடலோடு மக்கியிருக்கும்; மக்காமல் வந்தது இப்படிப்பட்ட வெள்ளி உருண்டைதான் என்று ஆய்வாளர் பலர் நினைக்கிறார்கள். எனக்கும் அதுதான் சரியாகப் படுகிறது.

சுவான்சோங் 762-இல் இறந்தான். கடைசி இரண்டு ஆண்டும் மகனின் ஆட்கள் அவனைத் தனி அரண்மனையில் அடைத்து, பழைய துணைகளையெல்லாம் விரட்டிவிட்டார்கள். அவன் கல்லறையான தைலிங் சியானுக்கு வடகிழக்கே பூசெங் வட்டாரத்தில், ஒரு மலைக்குள் குடைந்தது. வழிநெடுகச் சிறகு முளைத்த கல்குதிரைகளும் கல் அதிகாரிகளும் வயல் நடுவே நிற்கிறார்கள். அவனோடு அங்கே அடங்கியிருப்பவள், பின்னால் அரசனான லி ஹெங்கைப் பெற்ற தாய். அவனுக்கு முந்திய தாங் அரசர்களின் கல்லறைகளைச் சுற்றி உறவும் தளபதிகளுமாக எத்தனையோ சமாதிகள் உண்டு. இவனுக்குத் துணைச் சமாதி ஒன்றே ஒன்று. 1999-இல் அதைத் தோண்டி, உள்ளிருந்த கல்வெட்டைப் படித்து உறுதி செய்தார்கள். காவ் லிஷியுடையது.

சியானுக்குப் போகிற நம் ஆட்கள் களிமண் படைவீரர்களைப் பார்த்துவிட்டு, மதில்மேல் சைக்கிள் ஓட்டிவிட்டு, அடுத்த ரயிலில் பீஜிங் போய்விடுகிறார்கள். இரண்டு நாள் கூடுதலாக வைத்துக்கொள்ளுங்கள். நாடகத்துக்கு டிக்கெட்டை முன்கூட்டியே எடுத்துவிடுங்கள், நன்றாகவே இருக்கிறது. ஆனால் நாடகத்துக்குப் போவதற்கு முன்னால் பேய்லினில் அந்த 745-ஆம் ஆண்டுக் கல்லை ஒரு சுற்றுச் சுற்றி வந்துவிடுங்கள்.